கொழுப்பு ஏன் வளைவில் போய் உட்காருகிறது?

"டாக்டரே, ஒரு சந்தேகம். ரத்தம் உடம்பு பூரா ஒண்ணுதானே ஓடுது? அப்ப கொழுப்பு மட்டும் ஏன் அந்த ஒரே இடத்துல போய் உக்காந்துச்சு?"

கேட்டவர் திருவொற்றியூர் தேரடிப் பக்கத்தில் இருந்து வந்த ஓர் அம்மாள். கையில் கணவரின் ஆஞ்சியோகிராம் ஃபைல். கணவருக்கு 48 வயது. துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பீடி, சிகரெட் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பிழைத்து வந்திருக்கிறார். ஃபைலைப் புரட்டினேன். இதயத்தின் முன்பக்கம் இறங்கும் முக்கியமான குழாயில், அதுவும் அது கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில், 80 சதவிகித அடைப்பு. அதே குழாயில் இரண்டு அங்குலம் தள்ளிப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது!

அந்த அம்மாள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். இத்தனை நேரான கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நியாயமான கேள்வி அல்லவா? சர்க்கரை கூடினால் உடம்பு முழுக்கத்தான் கூடுகிறது. பி.பி.யும் அப்படித்தான். கெட்ட கொழுப்பு எல்லா ரத்தத்திலும் கலந்துதான் ஓடுகிறது. பின் ஏன் அடைப்பு மட்டும் இடம் பார்த்து உட்காருகிறது?

நான் அவருக்குக் கடலைக் காட்டித்தான் பதில் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகமும் மெரினாவும்

நம் சென்னைக் கரையில் வருஷம் பூராவும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1876-ல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். கரையின் வடிவம் மாறியது. என்ன ஆயிற்று? சுவருக்குத் தெற்கே நீரோட்டம் சோர்ந்துபோன இடத்தில் மணல் தங்கித் தங்கி, இன்றைக்கு நாம் சுண்டல் சாப்பிடுகிற அகலமான மெரினா உண்டானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வரத்து நின்றுபோய்க் கடல் கரையைத் தின்றது. இப்போது எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமாகக் கல் கொட்டிக் காவல் வைத்திருக்கிறார்கள்.

"ஆமா டாக்டரே, எங்க மாமியார் வூட்டு வாசல்ல ரெண்டு தெரு இருந்துச்சாம். இப்ப கல்லுதான் இருக்கு" என்றார் அந்த அம்மாள்.

கடலும் அதே கடல், மணலும் அதே மணல். எங்கே தங்கும், எங்கே தங்காது என்று தீர்மானித்தது கரையின் வடிவமும் நீரின் போக்கும்தான். ரத்தக்குழாய்க்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

இதயத்துக்கு ரத்தம் கொடுக்கிற குழாய்களைக் கரோனரி ரத்தக்குழாய்கள் என்கிறோம். பெரிய குழாய்க்கே 3, 4 மில்லிமீட்டர் விட்டம்தான் இருக்கும். துடிக்கிற இதயத்தின் மேல் கொடி மாதிரி வளைந்து, நெளிந்து, கிளை விட்டு ஓடவேண்டும். இடது பக்கத்துப் பெரிய குழாய் கொஞ்ச தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முன்பக்கம் இறங்குகிறது. இன்னொன்று இதயத்தைச் சுற்றிப் பின்னால் போகிறது. நேரான பகுதியில் ரத்தம் ஒழுங்காக, ஒரே சீராக, குழாயின் உட்சுவரை நன்றாக உரசிக்கொண்டு ஓடுகிறது. பிரிகிற இடத்தில் அப்படி இல்லை. நடு மூக்கில் ரத்தம் வேகமாக மோதிப் பிரிகிறது. அதற்கு எதிர்ப்புறச் சுவர் ஓரத்தில் வேகம் குறைந்து, சின்னதாகச் சுழித்து, ஒரு கணம் பின்னோக்கியும் போய் வருகிறது. வளைவிலும் இதே கதைதான். உள்வளைவின் ஓரத்தில் ஓட்டம் சோம்பலாக இருக்கும்.

எந்தப் பக்கம் கொழுப்புப் படியும் என்று நினைக்கிறீர்கள்? ரத்தம் வேகமாக மோதுகிற இடத்தில்தான் சுவர் புண்ணாகி நோய் வரும் என்று ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளர்களே நினைத்தார்கள். 1969-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் கேரோவும் அவரது குழுவினரும் மனித ரத்தக்குழாய்களில் ஆரம்பநிலைக் கொழுப்புத் திட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்து, நேர் எதிரான முடிவைச் சொன்னார்கள். உரசல் குறைந்த இடத்தில்தான் திட்டு! 1980-களில் அமெரிக்காவில் கழுத்து ரத்தக்குழாயை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள். தாடைக்குக் கீழே விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தக் குழாய் மூளைக்கும் முகத்துக்குமாக இரண்டாகப் பிரிகிற இடத்தில், ரத்தம் மந்தமாகவும் முன்னும் பின்னும் ஆடியும் ஓடுகிற வெளிப்புறச் சுவரில்தான் தடிப்பு ஏறுகிறது. பக்கவாதம் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு மூலகாரணம் அந்த இடம்தான்.

ஆக, அந்த அம்மாளின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதிதான் முக்கியம்.

குழாய் என்று சொல்வதே தப்பு!

மணல் உதாரணம் ஓர் அளவுக்குத்தான் செல்லும். ஏனென்றால் கரைக்கு உயிர் கிடையாது. ரத்தக்குழாய்க்கு உண்டு. பி.வி.சி. பைப் மாதிரி அதை நினைப்பதால்தான் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள். "சாக்கடையில் எண்ணெய்ப் பிசுக்கு படிகிற மாதிரி கொழுப்பு ஒட்டிக்கொள்கிறது, ஒரு கஷாயம் ஊற்றினால் கரைந்து போய்விடும்" என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அப்படி இல்லவே இல்லை.

கொழுப்பு குழாயின் உள்ளே ஒட்டுவதில்லை. சுவருக்குள்ளே புகுகிறது. உட்சுவரில் தரை ஓடு பதித்த மாதிரி ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. ஓட்டம் சீராக இருக்கிற இடத்தில் இந்தச் செல்கள், நீரோட்டத்தில் நங்கூரம் போட்ட படகுகள் மாதிரி, எல்லாம் ஒரே திசை பார்த்து நீளவாக்கில் படுத்திருக்கும். இடைவெளி இல்லாமல் நெருக்கமாக இருக்கும். நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். ரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்ளும். (இந்த வாயுவின் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 1998-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.) ஓட்டம் சுழிக்கிற இடத்தில் அதே செல்கள் திசை தெரியாமல், கூழாங்கல் மாதிரி தாறுமாறாக இருக்கின்றன. வாயு குறைவாகச் சுரக்கிறது. இடுக்கு விழுகிறது.

அந்த இடுக்கு வழியாகக் கெட்ட கொழுப்பு உள்ளே கசிகிறது. அதைத் தின்ன வெள்ளணுக்கள் வருகின்றன. தின்று தின்று அவையே ஊதிப்போய் அங்கேயே தங்குகின்றன. மேலே ஒரு மூடி மாதிரி நார்ச்சதை வளர்கிறது. பத்து, இருபது வருஷத்து வேலை இது. வலி இல்லை, சத்தம் இல்லை.

இப்போது கவனியுங்கள். சுழிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, ஓட்டப் பந்தய வீரனுக்கும் இருக்கிறது. வளைவில்லாத, கிளையில்லாத ரத்தக்குழாயோடு யாரும் பிறப்பதில்லை. ஆனால் உள்ளே கசிவதற்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகமாக இருக்கவேண்டும். இடுக்கைப் பெரிதாக்கப் புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது ஒன்று கை கொடுக்கவேண்டும். எந்த இடம் என்பதை வடிவம் சொல்கிறது. வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் மற்றவைதான் சொல்கின்றன. 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' என்ற ஆய்வு, 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களைக் கணக்கெடுத்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி-பழம் போதாமை, உடலுழைப்பு இன்மை உள்ளிட்ட ஒன்பது காரணங்களுக்குள் பத்தில் ஒன்பது பங்கு ஆபத்தும் அடங்கிவிட்டது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில வருஷம் முன்னதாகவே மாரடைப்பு வருவதையும் அதே ஆய்வு காட்டியது.

"இந்தியர்களுக்கு ரத்தக்குழாயே சின்னது சார், அதனாலதான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பின் அளவுக்குத் தக்கபடி கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. சின்ன உடம்புக்குச் சின்னக் குழாய், அவ்வளவுதான். சிலருக்குப் பிறவியிலேயே குழாயின் ஒரு பகுதி இதயத் தசைக்குள் புதைந்து ஓடும். துடிக்கும்போதெல்லாம் அது அழுந்தும். அநேகம் பேருக்கு அது இருப்பதே தெரியாமல் வாழ்க்கை ஓடிவிடும். ஆனால் வடிவத்தின் விளையாட்டைப் பாருங்கள்! புதைந்த பகுதியில் கொழுப்பு அதிகம் படிவதில்லை. அதற்குச் சற்று முன்னால், ஓட்டம் குழம்புகிற இடத்தில்தான் படிகிறது.

பாதி என்றால் பாதி இல்லை

ரிப்போர்ட்டில் 50, 70 என்று சதவிகிதம் போட்டிருக்கும். அது விட்டத்தின் கணக்கு. குழாய் வட்டமாகச் சுருங்கியதாக வைத்துக்கொண்டால், விட்டம் 70 சதவிகிதம் குறைந்த இடத்தில் ரத்தம் போகிற வாசல் 91 சதவிகிதம் மூடிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு கணக்கும் உண்டு. 1840-களில் புவாஸெய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய குழாய்களில் நீரை ஓடவிட்டுக் கண்டுபிடித்தது. அதே அழுத்தத்தில் குழாயின் விட்டம் முழு நீளத்துக்கும் பாதியானால், ஓட்டம் பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

அப்படியானால் விட்டம் பாதி அடைத்தவர் எப்படி நடமாடுகிறார்? அடைப்பு குழாய் முழுக்க இல்லை, ஓரிடத்தில்தான். அதற்கு அப்பால் இருக்கிற நுண்ணிய குழாய்கள் விரிந்து கொடுத்துச் சமாளிக்கின்றன. சும்மா உட்கார்ந்திருந்தால் 80 சதவிகிதம் தாண்டும்வரைகூடப் பற்றாக்குறை தெரியாமல் போகலாம். பாலம் ஏறினால், பாரம் தூக்கினால், நெஞ்சு பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். "ராயபுரம் பாலத்துல சைக்கிள் மிதிச்சா மட்டும் நெஞ்சு கப்புன்னு புடிக்குது, எறங்கி நின்னா சரியாயிடுது" என்று யாராவது சொன்னால், அது வயசுக் களைப்பு இல்லை. அன்றைக்கே பார்க்கவேண்டிய விஷயம்.

இதைவிட வில்லங்கமான ஒன்று இருக்கிறது. சுவருக்குள் கொழுப்பு சேர ஆரம்பித்ததும் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. 1987-ல் சிகாகோவைச் சேர்ந்த கிளாகாவ் என்ற நோயியல் நிபுணர் இதைக் காட்டினார். சுவர் தடித்துக்கொண்டே போகும். உள்வழி மட்டும் அகலமாகவே இருக்கும். ஆஞ்சியோகிராம் உள்வழியின் நிழலைத்தான் காட்டும், சுவரைக் காட்டாது. மாரடைப்புகளில் கணிசமானவை பாதிகூட அடைக்காத, மூடி மெல்லியதாக இருக்கிற திட்டு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்துபோய் வருகிறவை. "போன மாசம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு சொன்னாங்க, எப்படி சார் போயிட்டாரு?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்களே, அதற்குப் பெரும்பாலும் பதில் இதுதான்.

ஒரு ராத்திரி

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்து, இந்தப் பக்கம் போர்டு மாட்டி ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், தோள்பட்டை இழுக்கிறது, ஏப்பம் வந்தால் தேவலை என்றார். மத்தியானம் கல்யாணச் சாப்பாடு. நாடி பார்த்தேன். வாயு என்று முடிவு கட்டிச் சூரணம் கொடுத்து, வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். முகத்தில் வேர்த்திருந்தது. சித்திரை மாசம், எல்லோருக்கும்தான் வேர்க்கும் என்று விட்டுவிட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்கு அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிழைத்தார். ஆனால் நாலு மணி நேரம் ரத்தம் கிடைக்காத இதயத் தசை செத்துப்போய்விட்டது. இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு சாதாரணமாக 55 சதவிகிதத்துக்கு மேல் இருக்கவேண்டும். அவருக்கு 30. அதற்கப்புறம் அவர் மீன் கூடை பக்கம் போகவே இல்லை. அவர் சம்சாரம் ஒருநாள் கேட்டார்: "நீங்க அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நாடி பார்ப்பது என் தொழில். வளி, அழல், ஐயம் மூன்றின் நிலையை அதில் படிக்கக் கற்றிருக்கிறேன். துடிப்பு தப்புவதும் கைக்குத் தெரியும். ஆனால் இதயத்தின் மேல் ஓடுகிற 3 மில்லிமீட்டர் குழாயின் வளைவில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று மணிக்கட்டு சொல்லாது. அன்றிலிருந்து 35 வயசுக்கு மேல் யார் வந்து 'வாயு, நெஞ்சு கரிக்குது' என்றாலும் முதலில் இ.சி.ஜி. அப்புறம்தான் சூரணம். ஒரு இ.சி.ஜி. சரியாக இருந்துவிட்டாலும் வலி நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுகிறேன். பெண்களும் சர்க்கரைக்காரர்களும் நெஞ்சு வலியே இல்லாமல் மூச்சு வாங்குகிறது, ஓய்ச்சலாக இருக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். அவர்கள் விஷயத்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

வீட்டில் அப்படி ஆனால் 108-க்குப் போன் பண்ணுங்கள். நடக்க விடாதீர்கள், பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப் போகாதீர்கள். நம் பகுதிக்காரர்களுக்கு ராயபுரம் பக்கம் ஸ்டான்லி இருக்கிறது. தூரத்து ஊர்க்காரர்களுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவியாகக் கொடுக்கிற 14 மாத்திரைகளைத் தமிழக அரசு 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் வைத்தது. ரத்தம் உறையாமல் தடுக்கிறவையும் கொழுப்பு மாத்திரையும் அதில் அடக்கம். அதை அங்கே டாக்டர் பார்த்துக் கொடுக்கவேண்டும், நீங்களாக விழுங்குவதற்கு இல்லை. சீக்கிரம் சேர்ப்பதால் என்ன லாபம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தார்கள்.

மருதம்பட்டை என்ன செய்யும்?

லாரிக்காரரிடம் திரும்புவோம். அவர் உண்மையில் வந்தது வேறு ஒரு காரணத்துக்காக.

"சார், அடைப்பை எடுத்துட்டாங்க. இனிமே எதுக்கு இத்தனை மாத்திரை? நீங்க மருதம்பட்டை கஷாயம் குடுங்க, அதையே குடிச்சுக்கறேன். செல்போன்ல இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் கலந்து காய்ச்சினா அடைப்பே கரையும்னு வந்துச்சு. பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன்."

வயிற்றைக் கலக்கியது எனக்கு. ஸ்டென்ட் என்பது குழாயைத் தாங்கிப் பிடிக்கிற கம்பி வலை. அதன் மேல் புதிதாக உட்சுவர்ச் செல்கள் வளர்ந்து மூடும்வரை, ரத்தத்துக்கு அது ஓர் அந்நியப் பொருள். உறையாமல் தடுக்கிற மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் வலைக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடலாம். முதல் மாரடைப்பைவிட மோசமாக ஆகும். இன்னொன்று, எடுத்தது ஒரு வளைவின் அடைப்பைத்தான். எடுத்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, ஓரமாக நசுக்கி வழி விட்டிருக்கிறார்கள். மற்ற வளைவுகளும் கிளைகளும் அப்படியேதான் இருக்கின்றன. கொழுப்பு மாத்திரை அவற்றுக்காக. திட்டின் மூடியைக் கெட்டிப்படுத்தி, வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அது.

சித்த வைத்தியனாக இருந்துகொண்டு நான் இப்படிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. இருக்கட்டும். சித்த மருத்துவத்தில் இதயத்தைத் தமரகம் என்போம். மருதம்பட்டை அதற்குத் தொன்றுதொட்டு வருகிற மருந்து. நானும் கொடுக்கிறேன், ஆள் பார்த்து, மற்ற மருந்துகளைக் கேட்டுக்கொண்டு. ஆனால் சுவருக்குள் பத்து வருஷமாகக் கட்டிய திட்டைக் கரைத்து வெளியேற்றும் என்று எந்தக் கஷாயத்துக்கும் சத்தியம் செய்ய என்னால் முடியாது. பூண்டு சமையலில் நல்லது. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் அதையே சாறு பிழிந்து தினமும் டம்ளர் கணக்கில் குடித்தால் ரத்தக்கசிவு வரக்கூடும். எனவே, சித்தமோ ஆயுர்வேதமோ, எந்த மருந்து சேர்ப்பதானாலும் உங்கள் இதய டாக்டருக்குத் தெரிந்து சேருங்கள். ஒளிக்காதீர்கள். மறைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் எனக்கு அதிகம் பயம் கொடுக்கிறார்கள்.

நடந்தால் என்ன ஆகிறது?

வளைவை நிமிர்த்த முடியாது. சரி, ஓட்டத்தை மாற்றலாம் அல்லவா? நடக்கும்போது இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. குழாய்களில் ஓட்டம் வலுக்கிறது. உட்சுவரில் உரசல் கூடுகிறது. மந்தமாகக் கிடந்த செல்கள் அந்த வாயுவை அதிகம் சுரக்கின்றன. நடைக்கு எடை குறைப்பது மட்டும்தான் பலன் என்று நினைக்காதீர்கள். எடை ஒரு கிலோ குறையாவிட்டாலும் குழாயின் உட்சுவருக்கு அது மருந்து.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லாரிக்காரரைப் போல, கிரேன் ஆபரேட்டரைப் போல, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற உங்கள் பிள்ளையைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்தால், முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் மடங்கியே கிடக்கிறது. காலில் ஓட்டம் குறைகிறது. தொடர்ந்து ஆறு மணி நேரம் உட்காரவைத்து அளந்தபோது, காலின் ரத்தக்குழாய் விரிகிற சக்தியே மந்தப்பட்டது. பத்து நிமிஷம் நடக்கவிட்டதும் திரும்பிவிட்டது! துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும்போது இறங்கி, லாரியை நாலு சுற்றுச் சுற்றுங்கள் என்று அவருக்குச் சொன்னேன். "சிரிப்பானுங்க சார்" என்றார். சிரிக்கட்டும்.

எங்கே நடப்பது என்பது வட சென்னைக்காரர்களுக்கு நிஜமான கஷ்டம். 2009-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிகக் கடுமையாக மாசுபட்ட இடங்களில் சேர்த்தது. எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் வேறு ஆலைகளும் லாரிகளும் இருக்கின்றன. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்தூசி நுரையீரலோடு நிற்பதில்லை. அதன் விளைவு ரத்தக்குழாய் உட்சுவர் வரை போய் அழற்சியை உண்டாக்குகிறது. மாரடைப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010-லேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்த வருஷ சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40. இதை நீங்களும் நானும் தனியாகச் சரி செய்ய முடியாது. ஆனால் லாரி ஓடுகிற நெடுஞ்சாலை ஓரமாக நடக்காமல், உள்தெருவிலோ கோயில் மாட வீதியிலோ பூங்காவிலோ நடக்கலாம். ஏற்கெனவே இதய நோய் இருக்கிறவர்கள் புகை மூட்டமான நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்துகொள்ளட்டும். எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்டு அலுத்திருப்பீர்கள். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. காசிமேட்டு மத்தியும் கானாங்கெளுத்தியும் குழம்பாக வைத்தால் இதயத்துக்குச் சிநேகிதர்கள். நேற்றுப் பொரித்த எண்ணெயில் இன்றைக்கும் பொரித்தால் விரோதிகள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே தட்டில் இருந்தால், ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் இருக்கவேண்டிய உப்பு எங்கேயோ போய்விடும். உப்பு ஏறினால் பி.பி. ஏறும். பி.பி. ஏறினால் அடி வாங்குவது அந்த வளைவுகள்தான்.

அந்த அம்மாள் கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொரு கேள்வி கேட்டார்.

"அவங்க அப்பாவுக்கும் அம்பதுல நெஞ்சு வலிதான். குழாயோட வடிவம் பரம்பரையா வருமா டாக்டரே? பையனுக்கும் இருக்குமா?"

வளைவும் கிளையும் எல்லோருக்கும் இருக்கும் அம்மா, ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் மாறியிருக்கும், முகம் மாதிரி என்றேன். பரம்பரையாக வருவதில் நாம் அளந்து பார்க்கக்கூடியது கொழுப்பும் சர்க்கரையும் பி.பி.யும். அப்பாவுக்கு 55 வயசுக்குள், அம்மாவுக்கு 65-க்குள் மாரடைப்பு வந்திருந்தால் பிள்ளைகள் இருபதிலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.

பத்து நாள் கழித்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். 22 வயது, எண்ணூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஒல்லியான பையன். "எனக்கு இன்னா சார் இருக்கப் போவுது?" என்றபடியே ரிப்போர்ட்டை நீட்டினான். கெட்ட கொழுப்பு 162. நூறுக்குக் கீழே இருந்தால் நல்லது. சிகரெட் உண்டா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தான். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். நைட் ஷிஃப்ட்டில் நாலு என்றான்.

அன்றைக்கே இதய டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவன் சட்டைப் பையில் இருந்த பாக்கெட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். இப்போது மூன்று மாதம் ஆகிறது. அடுத்த புதன்கிழமை மறுபரிசோதனை. அப்பாவும் வருகிறார், மாத்திரைப் பெட்டியோடு.